பெரிய ரிவால்வரும் ஒரு பழைய கோப்பும்

துப்பாக்கியைப் பற்றி எழுத இந்த ஆளுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாழ்நாளில் ஒரு குண்டுகூட நான் சுட்டதில்லை. தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுட்டதோடு சரி. ஆனால் 1980களில் மூன்று வருஷம் படைக்கல உரிமக் கோப்புகள் என் மேசையில் இருந்தன. நெல்லைச் சீமையில் எந்த வீட்டுப் பெட்டியில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்பது போலீசுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். அந்த நாளில் கையில் எடுத்துப் பார்த்த ஒரு ரிவால்வர் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரமும் சொல்ல வேண்டும்.

ரிவால்வர்களில் சிறிய வகை, நடுத்தர வகை, பெரிய வகை என்று உண்டு. குண்டுகள் உட்காரும் உருளையையும் விசையையும் குழலையும் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தின் அளவை வைத்துத்தான் இந்தப் பிரிவு. அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி தன் சட்டங்களுக்கு எழுத்துப் பெயர் வைத்தது. சட்டைப்பைக்குள் அடங்குவது ஜே, போலீஸ்காரர் இடுப்பில் தொங்குவது கே, ஒரு கிலோவைத் தாண்டுவது என். இந்த 'என்' சட்டத்தில் முதலில் வந்தது 1908ஆம் வருஷத்து மாடல். உருளை மூன்று இடத்தில் பூட்டிக்கொள்ளும் என்பதால் 'ட்ரிபிள் லாக்' என்று பெயர். 1915 வரை சுமார் 15,000தான் செய்தார்கள். மூன்றாவது பூட்டைச் செய்யச் செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்கள். இன்று அந்த நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான். கோல்ட் கம்பெனியின் 'நியூ சர்வீஸ்' ரிவால்வரும் பெரிய சட்டம்தான். ஆனால் 1898 முதல் 1940கள் வரை மூன்றரை லட்சத்துக்கு மேல் வந்ததால் அதற்கு அத்தனை தேட்டம் இல்லை.

தமிழில் 'சட்டம்' என்றால் ஜன்னல் சட்டமும் அதுதான், சர்க்கார் சட்டமும் அதுதான். அமெரிக்காவில் பெரிய ரிவால்வர் அரிதானதற்குக் காரணம் இரும்புச் சட்டம். நம் ஊரில் அரிதானதற்குக் காரணம் மற்றச் சட்டம்.

இங்கே அது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. 1750களில் நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றபோது பாளையக்காரர்களிடம் வேலும் வாளும் மட்டுமல்ல, திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகளும் இருந்தன. பூலித்தேவர் மறைந்ததாகச் சொல்லும் இடம் சங்கரநாராயணர் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆடித்தபசுக்கு வருகிறவர்கள் பலரும் அதைக் கவனிக்காமல் புற்றுமண் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். 1799இல் கட்டபொம்மன், 1801இல் ஊமைத்துரை, மருது சகோதரர்கள். எல்லாம் முடிந்த கையோடு 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா முழுமைக்கும் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது 1878இல். தென்பாண்டிச் சீமை அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே அனுபவித்துவிட்டது.

அந்த 1878 சட்டத்தில் ஒரு விஷமம் இருந்தது. இந்தியன் என்றால் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. இன்னாருக்கு உரிமம் தரலாம், இன்னாருக்குக் கூடாது என்று முடிவு செய்கிறவர் ஜில்லா மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர். 1930 ஜனவரியில் காந்தியடிகள் வைஸ்ராயின் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரியை நீக்குவதும் இருந்தது, தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கொடுப்பதும் இருந்தது. உப்பை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அகிம்சைவாதி இதையும் கேட்டார் என்பதைப் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

பெரிய ரிவால்வர்கள் இந்தியாவுக்கு வந்தது வெள்ளைக்கார அதிகாரிகளின் இடுப்பில்தான். பர்மிங்காமின் வெப்லி கம்பெனி செய்த .455 ரிவால்வரைப் பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் ஏற்றது. .455 என்பது அங்குலக் கணக்கு. நம் கணக்கில் பதினொன்றரை மில்லிமீட்டர். 1915இல் வந்த ஆறாவது மார்க் ஆறு அங்குலக் குழலோடு ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதை நடுவில் மடக்கித் திறந்தால் சுட்ட தோட்டாக்கள் ஆறும் தானாக எகிறி வெளியே விழும். குதிரை மேல் இருப்பவனுக்கு அது பெரிய சௌகரியம். அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்ததால் விதவிதமானவை இங்கே வந்து சேர்ந்தன. சுட்ட அதிர்விலேயே அடுத்த குண்டைத் தானே கொண்டுவரும் வெப்லி-ஃபாஸ்பெரி என்று ஒன்று 1901இல் வந்தது. மொத்தமே ஐயாயிரத்துக்குள்தான் செய்தார்கள். அழகான யந்திரம் என்கிறார்கள். சேறு பட்டால் நின்றுவிடுமாம்.

நம்மவர்கள் கைக்கு வந்தவை வேறு ஜாதி. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் துரையைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அது சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளக்கூடிய தட்டையான ஆயுதம், ரிவால்வர் அல்ல. வாஞ்சி புனலூரில் காட்டிலாகா வேலையில் இருந்தவர். துப்பாக்கிப் பயிற்சி வ.வே.சு. ஐயரிடம், புதுச்சேரியில். ஆங்கிலேயச் சட்டம் செல்லாத பிரெஞ்சு ஊர் அது. ஜில்லாவில் யாருக்கு உரிமம் கொடுப்பது என்று கையெழுத்துப் போடுகிற அதிகாரியே உரிமமில்லாத துப்பாக்கிக்கு இலக்கானார். அதற்குப் பிறகு புதுச்சேரியிலிருந்து வருகிற பெட்டி என்றாலே போலீஸ் இரண்டு தடவை திறந்து பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை தளர்ந்திருக்கும் என்று நினைத்தால் தவறு. 1959இல் புதிய படைக்கலச் சட்டம், 1962இல் அதன் விதிகள். நிறவேற்றுமை போயிற்று. ஆனால் 'தடை செய்யப்பட்ட துளை' என்று ஒரு பிரிவு வந்தது. ராணுவமும் போலீசும் எந்தத் தோட்டாவைப் பயன்படுத்துகிறதோ அதைப் போட்டுச் சுடக்கூடிய ஆயுதம் பொதுமக்களிடம் இருக்கக் கூடாது. .303 ரைஃபிள், .380, .455 ரிவால்வர், 9 மி.மீ. பிஸ்டல் எல்லாம் அதில் அடங்கும். சர்க்கார் தோட்டா களவு போனால் வெளியில் உதவாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதில் குற்றம் சொல்ல முடியாது. அதன் விளைவாகப் பெரிய சட்ட ரிவால்வர் வைத்திருந்தவர்களின் வாரிசுகள் தில்லிக்கு மனுப்போட வேண்டியதாயிற்று. 1980களின் நடுவில் தனிநபர் இறக்குமதியும் நின்றது. மிஞ்சியது கான்பூர் அரசு ஆலை செய்யும் .32 ரிவால்வர். அதுவும் வெப்லி வம்சம்தான், ஆனால் பேரப்பிள்ளை அளவு.

இனி என் கோப்பு.

ஒரு பெரியவர் காலமாகி, அவர் பெயரில் இருந்த உரிமத்தை என்ன செய்வது என்று ஒரு நடவடிக்கை வந்தது. பதிவேட்டில் 'ரிவால்வர் .455, ஒன்று, தோட்டா இல்லை' என்று இருந்தது. நான் வழக்கம்போல அதை அப்படியே பார்த்துக் குறிப்பில் எழுதினேன். தடை செய்யப்பட்ட துளை, மத்திய அரசின் அனுமதி தேவை, அதுவரை ஆயுதத்தை ஒப்படைக்க உத்தரவிடலாம் என்று மேலே அனுப்பிவிட்டேன். எழுத ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

பத்து நாள் கழித்து அந்த வீட்டு ஆச்சி, பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆயுதத்தைச் சரிபார்க்க எடுத்து வந்தார்கள். மஞ்சள் துணியில் சுற்றி, மேலே திருநீற்றுக் கோடு. ஆயுத பூஜைக்கு வைப்பார்களாம்.

"தம்பி, இது எங்க மாமனாரு சைகோன்ல இருந்து கொண்டாந்தது. இதால ஒரு காக்காயைக்கூடச் சுட்டது கெடையாது. வச்சுக்கிட விட மாட்டாகளா?" என்றார்கள்.

துணியைப் பிரித்தேன். கனம் கையை இழுத்தது. வெப்லி இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மடங்கும் கீல் இல்லை. குழலின் மேல் 'மாடல் 1873' என்று பிரெஞ்சுச் சுருக்கத்தில் வெட்டியிருந்தது. பக்கவாட்டில் சாய்ந்த கையெழுத்துப் போன்ற அழகான எழுத்தில் 'மானுஃபாக்த்யூர் தார்ம், சேந்த் எத்தியென்'. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தது அரசாங்க உத்தியோகத்தில் எனக்கு உதவிய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. பிரான்சின் அரசு ஆயுத ஆலை இருந்த ஊர் சேந்த் எத்தியென். இது பிரெஞ்சு ராணுவத்தின் 1873 மாடல் ரிவால்வர். துளை 11 மில்லிமீட்டர். விசையை இழுத்தாலே சுத்தியலும் எழுந்து அடிக்கும் வகை. அந்த ராணுவத்துக்கு அப்படி வந்த முதல் கைத்துப்பாக்கி. 1892இல் 8 மி.மீ. மாடல் வந்ததும் பழையது பின்னுக்குப் போய், காலனிகளுக்கும் பின்வரிசைப் படைகளுக்கும் போயிற்று. சைகோனில் பிரெஞ்சு சர்க்காரிடம் வேலை பார்த்த தமிழர்கள் எத்தனையோ பேர். அதில் ஒருவர் கைக்கு இது வந்ததில் அதிசயம் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ரிவால்வரின் உருளையை 'பாரியே' என்பார்கள், சின்னப் பீப்பாய் என்று அர்த்தம். அந்தச் சின்னப் பீப்பாய் அப்போதும் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

பழைய காலத்தில் எந்த குமாஸ்தாவோ குழல் வாயை அளந்து பார்த்து, தனக்குத் தெரிந்த பெரிய துளை .455தான் என்பதால் அதையே எழுதியிருக்கிறார். பிரெஞ்சு எழுத்து அவருக்கு விளங்கியிருக்காது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயுதத்தைப் பார்க்காமலே அதை நகலெடுத்தவன் நான்.

அன்றே கூடுதல் குறிப்பு எழுதினேன். இது .455 அல்ல, இதன் தோட்டா வேறு, அது நம் எந்தப் படையிலும் இல்லை, நூறு வருஷம் கடந்தது, ஆகவே துளையைத் திருத்தி, வாரிசின் மனுவைப் பரிசீலிக்கலாம் என்று. சட்டத்தின் 45ஆம் பிரிவையும் காட்டினேன். பழைமையான ஆயுதங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் செல்லும். அந்த வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்ததே அவர்களுக்கு வினையாயிற்று. துருப்பிடிக்க விட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

கோப்பு திரும்பி வந்தது. பதிவேட்டில் உள்ளபடி நடவடிக்கை எடுக்கவும் என்று பச்சை மையில் ஒரு வரி. பிரெஞ்சு எழுத்தைப் படித்ததாகச் சொல்ல நீர் நிபுணரா என்று வாயால் கேட்டார்கள். நிபுணர் கருத்துக் கேட்டு இன்னொரு குறிப்பு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அப்போது எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதை என்னிடம் காட்ட வந்தார்கள். திருப்பித் தருவார்களா என்று கேட்டார்கள். தில்லிக்கு மனுப்போடும் படிவத்தை நானே டைப் அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை. கெடு தாண்டினால் ஆயுதம் அரசுக்குப் பறிமுதல் என்பது விதி.

சேகரிப்பது என்ற சொல்லுக்கே நம் நாட்டில் இடம் சுருங்கிவிட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது 1983இல் வந்த வரம்பு. சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்துக்கு மாறிய சில வாரங்களில், 2019 டிசம்பரில், அதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். தாத்தாவின் பழைய பெரிய ரிவால்வரையா, தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி விரட்டும் இரட்டைக் குழலையா, எதைக் கொடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2020இல் உத்தரப் பிரதேசம் ஹர்தோயில் வெப்லி பெயரிலேயே மறுபடி ரிவால்வர் செய்யத் தொடங்கினார்கள். அதுவும் .32தான்.

அந்தப் பிரிவிலிருந்து மாற்றலாகும் முன் பறிமுதல் ஆயுதப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலை எனக்கு வந்தது. நாட்டுத் துப்பாக்கிகள், பாதி உடைந்த ஒற்றைக் குழல்கள் என்று நீண்ட பட்டியல். கீழிருந்து நான்காவது வரியில் இருந்தது: 'ரிவால்வர் .455, ஒன்று.' உற்பத்தியான நாடு என்ற கட்டத்தில் 'இங்கிலாந்து' என்று போட்டிருந்தார்கள். அதை மட்டும் அடித்துவிட்டு 'பிரான்ஸ்' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்.