சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார்

1941 மே மாதம் சிலாங்கூர்த் தோட்டங்களில் வெடித்த துப்பாக்கிகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். ஆனால் கிள்ளான் வேலைநிறுத்தக்காரர்களின் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி நம்மை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் தகாத முறையில் நடக்கும் துரைமாரையும் (வெள்ளை மேலாளர்கள்) கிராணிமாரையும் (தோட்ட எழுத்தர்கள்) அடக்குவது என்று பட்டியல் நீள்கிறது. நடுவே அந்த வரி: துரையோ கிராணியோ எதிரே வந்தாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போகலாம் என்றாக வேண்டும்.

சுங்கை சோ, பத்தாங் பெர்ஜுந்தை, கோல சிலாங்கூர் பக்கம் லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள். அதில் உட்கார்ந்தபடி துரையைக் கடந்து போவது குற்றமாம்! எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத குற்றம் இது.

அதற்குத் தண்டனை என்ன? ஒப்பந்தக் கூலி முறை இருந்த நாட்களில் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. 1910-ல் அந்த முறைக்கு முடிவு கட்டினார்கள். ஆனால் துரை கையில் வேறொரு ஆயுதம் மிஞ்சியிருந்தது. செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், பெயரை வெட்டிவிட்டால் வேலையோடு வீடும் போய்விடும். லயம் தோட்டத்துச் சொத்து. மரியாதைக் குறைவு என்று ஒருவனைத் துரத்தினால் அவன் மனைவி, பிள்ளைகள், சட்டி பானை எல்லாம் பாதைக்கு வந்துவிடும். சிறையில்கூடக் குற்றவாளி ஒருவனைத்தான் அடைப்பார்கள். இங்கே குடும்பத்துக்கே தண்டனை.

1919-ல் பஞ்சாபில் ராணுவச் சட்டம் நடந்தபோது குஜ்ரன்வாலா பக்கம் இதே போன்ற உத்தரவு ஒன்று வந்தது. வெள்ளை அதிகாரியைக் கண்டால் இந்தியர் வண்டியிலிருந்தும் குதிரையிலிருந்தும் இறங்க வேண்டும், விரித்த குடையை மடக்க வேண்டும், சலாம் போட வேண்டும். பிறகு விசாரித்த ஹண்டர் குழு அந்த உத்தரவைக் கண்டித்தது. பஞ்சாபில் அந்த அவமானத்துக்கு ராணுவச் சட்டமாவது தேவைப்பட்டது. சிலாங்கூரிலோ சாதாரண நாளிலேயே நடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஒழியவில்லை. இதை வெறும் பழக்கவழக்கம் என்று எழுதும் சரித்திரக்காரர்களை நாம் ஏற்க முடியாது. இது கொடுமைதான்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையைக் காசுக் கணக்கோடு ஒரே தாளில் வைத்த துணிச்சலில் ஆர்.எச்.நாதனுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தவர், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணித் தலைவர். பேனா பிடித்த கைக்குப் பால் வெட்டுகிறவனின் வலி தெரிந்திருந்தது. கூலி சில காசு கூடினால் போராட்டம் அடங்கிவிடும் என்று தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். தலைநிமிர்ந்து சைக்கிள் மிதிக்கும் உரிமையைக் கேட்டவனுக்கு அவர்களிடம் பதில் இல்லை.

அவர்கள் தந்த பதில் கைதுதான். மே மாதத் தொடக்கத்தில் நாதனைப் பிடித்தார்கள். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கக் கேட்டுத் தோட்டம் தோட்டமாக மறுபடி வேலைநிறுத்தம் பரவியது. மே 16-ல் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வேலைநிறுத்தத்தை அடக்க வந்த படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் யாரை நோக்கிச் சுட்டார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)