பேட்மேன் & ராபின் (1997 திரைப்படம்)

பேட்மேன் & ராபின், 1997 ஜூன் 20 அன்று அமெரிக்காவில் வெளியான ஆங்கிலத் திரைப்படம். டிசி காமிக்ஸின் வௌவால் மனிதனை வைத்து வார்னர் பிரதர்ஸ் 1989இல் தொடங்கிய படவரிசையின் நான்காவது படம்; அந்த வரிசைக்கு மூடுவிழா நடத்தியதும் இதுதான். இயக்கியவர் ஜோயல் ஷூமாக்கர். பேட்மேனாக ஜார்ஜ் குளூனி, ராபினாக கிறிஸ் ஓ'டானல், வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸாக அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர், பாய்சன் ஐவியாக உமா தர்மன், பேட்கேர்ளாக அலிசியா சில்வர்ஸ்டோன் நடித்தனர். சூப்பர் ஹீரோ படங்களில் படுமோசமானது எது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இதன் பெயர் அடிபடும். இதைவிட மோசமான எத்தனையோ படங்களை உலகம் மறந்துவிட்டது. இதை மட்டும் கேலி செய்வதற்காகவே மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறார்கள்.

பின்னணி

டிம் பர்டன் இயக்கிய முதல் இரண்டு படங்களும் இருட்டும் மழையுமாக இருந்தன. இரண்டாவதான ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ (1992) வந்தபோது மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் குழந்தைகளின் சாப்பாட்டோடு அதன் பொம்மைகளைக் கொடுத்தன. படத்தில் பெங்குவின் என்ற வில்லனின் வாயிலிருந்து கறுப்புத் திரவம் வழிவதைப் பார்த்த பெற்றோர் கொதித்தார்கள். ஸ்டூடியோ பர்டனைத் தயாரிப்பாளர் நாற்காலிக்கு நகர்த்திவிட்டு, வெளிச்சமும் வண்ணமும் வேண்டுமென்று ஷூமாக்கரை அழைத்தது. அவர் எடுத்த ‘பேட்மேன் ஃபாரெவர்’ (1995) உலகெங்கும் 33 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அடுத்த படத்தை உடனே எடுக்கச் சொன்னார்கள். வால் கில்மர் விலகிக்கொள்ள, ‘ஈ.ஆர்.’ என்ற மருத்துவமனைத் தொடரில் புகழ்பெற்றிருந்த குளூனி இரண்டு படப்பிடிப்புத் தளங்களுக்கும் மாறிமாறி ஓடி நடித்தார்.

முன்னுரிமை எதற்கு என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. கடையில் எதைப் பொம்மையாக விற்கலாம் என்பதைப் பார்த்தே வண்டிகளும் ஆயுதங்களும் வடிவமைக்கப்பட்டன. ஷூமாக்கரே பிற்பாடு இதை வெளிப்படையாகப் பேசினார். முந்தைய படத்தில் சினிமா எடுப்பதாகத் தோன்றியது, இதில் பொம்மை விளம்பரம் எடுப்பதாகத் தோன்றியது என்று ஓ'டானலும் சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் சாட்சியே தேவையில்லை. கடைசிக் காட்சியில் மூன்று நாயகர்களும் வெள்ளி பூசிய புத்தம்புது உடையில் வந்து நிற்கிறார்கள். எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. ஒரே நாயகனை இரண்டு பொம்மையாக விற்கலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் புலப்படவில்லை.

கதையும் காட்சிகளும்

மிஸ்டர் ஃப்ரீஸாக மாறும் விஞ்ஞானி விக்டர் ஃப்ரைஸ், தீராத நோயில் கிடக்கும் மனைவி நோராவைப் பனியில் உறையவைத்துக் காப்பாற்றி வருகிறார். விபத்து ஒன்றுக்குப் பிறகு குளிரில் மட்டுமே உயிர்வாழ முடிகிற உடம்பு அவருக்கு. அவர் அணியும் கவசம் வைரத்தால் இயங்குவதால் வைரம் திருடுகிறார். தாவரங்களுக்காக மனித குலத்தையே அழிக்கத் துணிந்த பாய்சன் ஐவி அவரோடு கூட்டுச் சேர்கிறாள். வானாய்வகத்துத் தொலைநோக்கியைப் பனித் துப்பாக்கியாக மாற்றி கோத்தம் நகரத்தை உறையவைப்பது திட்டம். இதற்கிடையே பேட்மேனின் வீட்டு நிர்வாகி ஆல்ஃபிரெட், நோராவுக்கு வந்த அதே நோயில் படுக்கிறார்.

மேலே உள்ளதைப் படித்தால் சோகக் கதை என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் சோகக் கதைதான். ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ என்ற கார்ட்டூன் தொடரில் 1992இல் வந்த ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற பகுதிக்காக பால் டினி எழுதிய கதை அது; எம்மி விருதும் வாங்கியது. கார்ட்டூன் ஃப்ரீஸ் குரலை உயர்த்தாமல், உணர்ச்சி செத்தவனைப்போலப் பேசுவான். படத்தின் ஃப்ரீஸோ வெள்ளைக் கரடி முகம் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, அடியாட்களைக் கோரஸ் பாடச் சொல்லி அதட்டுகிறார். வாயைத் திறந்தால் பனிச் சிலேடை. டைனோசர்களைக் கொன்றது எது என்று தானே கேட்டு, பனியுகம் என்று தானே பதில் சொல்கிறார். காளமேகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களுக்கும் இரண்டு மணி நேரம் ஒரே பொருளில் சிலேடை கேட்டால் திகட்டிவிடும். இதற்கு ஸ்வார்ஸ்நேகர் பெற்றதாகச் சொல்லப்படும் சம்பளம் 2.5 கோடி டாலர். பெயர் வரிசையிலும் பேட்மேனுக்கு முன்னால் அவர்தான்.

முதல் சண்டையே படத்தின் குணத்தைக் காட்டிவிடும். அருங்காட்சியகத்தின் தரை முழுக்கப் பனி. ஃப்ரீஸின் ஆட்கள் ஹாக்கி மட்டைகளோடு சறுக்கி வருகிறார்கள். பேட்மேனும் ராபினும் குதிகாலைத் தட்ட, காலணிக்கு அடியிலிருந்து சறுக்குக் கத்திகள் எட்டிப் பார்க்கின்றன. அன்றைக்கு ஹாக்கி ஆட வேண்டியிருக்கும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பதற்குள் ராக்கெட் ஒன்று கிளம்பி, வானத்திலிருந்து இருவரும் கதவுப் பலகைகளில் நின்றபடி சறுக்கிக்கொண்டே இறங்கிவிடுகிறார்கள்.

கேலிக்காரர்களின் செல்லக் காட்சி வேறு. நற்பணிக்கான ஏலம் ஒன்றில் ஐவியின் மயக்கத்தில் விழுந்த பேட்மேனும் ராபினும் ஒருவரை ஒருவர் மிஞ்சி ஏலம் கேட்கிறார்கள். கடைசியில் பேட்மேன் இடுப்புப் பட்டையிலிருந்து எடுத்து நீட்டுவது கிரெடிட் கார்டு. வௌவால் சின்னம் போட்ட கார்டு. யார் என்றே ஊருக்குத் தெரியாத மனிதனுக்கு எந்த வங்கி கார்டு கொடுத்தது, மாதக் கடைசியில் பில் எந்த முகவரிக்குப் போகும் என்ற கேள்விகளை ரசிகர்கள் இன்றும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆல்ஃபிரெட்டின் அண்ணன் மகளாகவோ தங்கை மகளாகவோ சொல்லப்படும் பார்பரா, பேட்கேர்ள் ஆகும் விதமும் ரசிக்கத்தக்கது. பேட்மேனின் குகைக்குள் அவள் நுழைந்ததும் கணினித் திரையில் ஆல்ஃபிரெட்டின் உருவம் தோன்றி, அவள் அளவுக்கு உடை தயாராக இருப்பதாகச் சொல்கிறது. சாகக் கிடக்கிற பெரியவர் ரப்பர் கவசத்துக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். ஆனாலும் மைக்கேல் கஃப் அந்த வேடத்தில் படுக்கையிலிருந்து பேசும் சில காட்சிகள் கண்ணியமானவை. நான்கு படங்களிலும் நடித்த இருவரில் அவர் ஒருவர். மற்றவர் கமிஷனர் கார்டனாக வந்த பேட் ஹிங்கிள்.

காமிக்ஸில் பேட்மேனின் முதுகெலும்பையே உடைத்த அறிவாளி வில்லன் பேன், இதில் ஐவியின் பெட்டி தூக்கும் உறுமல் பிராணி. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

1966ஆம் ஆண்டின் நிழல்

படத்தை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம், இது ஏபிசி தொலைக்காட்சியில் 1966 முதல் 1968 வரை 120 பகுதிகளாக ஓடிய ‘பேட்மேன்’ தொடருக்கான மரியாதை என்பது. சாய்ந்த கேமரா, கண்ணைப் பறிக்கும் வண்ணம், வசனத்துக்கு வசனம் நையாண்டி என்று ஒற்றுமைகள் உண்டு. அந்தத் தொடரில் ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ மீசையை மழிக்க மறுத்துவிட்டார். மீசைக்கு மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசி நடிக்கவைத்தார்கள். உற்றுப் பார்த்தால் இப்போதும் தெரியும். 1966இல் வந்த அதன் திரைப்பட வடிவத்தில் சுறாவை விரட்டும் ஸ்பிரேகூட உண்டு.

வாதம் அங்கேயே வழுக்குகிறது. தொடரின் நாயகன் ஆடம் வெஸ்ட் சுறா ஸ்பிரேயைக் கேட்கும்போது முகத்தில் ஒரு கோடு அசையாது. அவருக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. சிரிப்பது நம் வேலை. குளூனியோ முகமூடிக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் அதே குரலில், அதே அரைச் சிரிப்போடு தலையை ஆட்டுகிறார். இது கார்ட்டூன் என்பதை மறக்காதீர்கள் என்று ஷூமாக்கர் படப்பிடிப்பில் அடிக்கடி கத்துவார் என்று உடன் நடித்த ஜான் குளோவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜோக்கைச் சொல்லுமுன்பே சொல்கிறவர் சிரித்துவிட்டால் கேட்பவருக்கு என்ன மிச்சம்?

வரவேற்பு

முதல் வார இறுதியில் அமெரிக்காவில் 4.2 கோடி டாலருக்கு மேல் வந்தது. அடுத்த வாரம் வசூல் 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. சுமார் 12.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் சுமார் 23.8 கோடி ஈட்டியது. நான்கு படங்களில் குறைந்த வசூல். மோசமான படங்களுக்கான கோல்டன் ராஸ்பெரி விருதுக்கு 11 பரிந்துரைகள் கிடைத்தும், சில்வர்ஸ்டோனுக்குப் போன ஒன்றைத்தான் வெல்ல முடிந்தது. தோற்பதிலும் தோல்வி. திரைக்கதை எழுதிய கோல்ட்ஸ்மன் சில ஆண்டுகளில் ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்துக்காக ஆஸ்கரே வாங்கினார். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழு இப்படத்துக்குத் தந்த பாட்டும் கிராமி விருது பெற்றது.

திட்டமிட்டிருந்த ஐந்தாம் படம் கைவிடப்பட்டது. கிறிஸ்டோஃபர் நோலனின் ‘பேட்மேன் பிகின்ஸ்’ 2005இல் வரும்வரை திரையரங்குக்குப் பேட்மேன் திரும்பவில்லை. மார்வெல் ஸ்டூடியோஸின் கெவின் ஃபைகி, காமிக்ஸ் படங்களிலேயே முக்கியமானது இதுவாக இருக்கலாம் என்று ஒரு பேட்டியில் சொன்னார்: இனி இப்படி எடுக்க முடியாது என்று எல்லோருக்கும் உறைத்ததாம்.

கேலியின் வரலாறு

முதல் குத்து வெளியாரிடமிருந்து வரவில்லை. 1998இல் அதே வார்னர் நிறுவனத்தின் கார்ட்டூன் தொடரில் பேட்மேனைப் பற்றிப் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் பகுதி ஒன்று வந்தது. ஜோயல் என்ற பையன், இறுக்கமான ரப்பர் கவசத்தையும் சுவரில் ஏறும் காரையும் சிலாகிக்கிறான். கழுத்தில் இறகுத் துண்டு. மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஷூமாக்கர் தன் தன்பாலீர்ப்பை ஒளித்தவரல்ல. அந்த இறகுத் துண்டு குறிவைத்தது படத்தையா மனிதரையா என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை. பேட்மேன் கவசத்தில் வைத்த முலைக்காம்புகளைப் பற்றிய ஜோக்குகளில் பாதி இந்த வகைதான். கிரேக்கச் சிலைகளையும் உடற்கூற்றுப் படங்களையும் பார்த்து வைத்தது என்று அவர் விளக்கிப் பார்த்தார். எடுபடவில்லை.

இணைய வீடியோ காலம் வந்ததும், ‘நாஸ்டால்ஜியா கிரிட்டிக்’ என்ற பெயரில் பழைய படங்களைக் கிழித்துத் தொங்கவிடும் டக் வாக்கர், அந்த கிரெடிட் கார்டுக் காட்சியில் வெறிபிடித்துக் கத்தியது தனிப் புகழ்பெற்றது. ‘தி லெகோ பேட்மேன் மூவி’ (2017) படத்தில் ஆல்ஃபிரெட், முதலாளி முன்பும் இப்படிப் பல கட்டங்களைக் கடந்திருக்கிறார் என்று பழைய படங்களின் ஆண்டுகளை வரிசையாக ஒப்பிப்பார். 1997ம் அதில் உண்டு. குளூனி பேட்டிகளில் மன்னிப்புக் கேட்பதை வாடிக்கையாகவே வைத்திருக்கிறார். ஆடம் வெஸ்டைச் சந்தித்தபோது அவரிடமும் கேட்டாராம். அப்படியும் ‘தி ஃபிளாஷ்’ (2023) படத்தின் முடிவில் காரிலிருந்து, பேட்மேனின் நிஜ முகமான புரூஸ் வெய்னாக இறங்கி வந்தார். 2020இல் காலமான ஷூமாக்கரும் ஏமாந்த ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார், ஒருமுறைக்கு மேல். குளூனி அணிந்த அந்தக் காம்பு வைத்த கவசம் 2022இல் ஹெரிடேஜ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. தொடக்க விலை 40,000 டாலர்.