ஆர்கானிக் உணவு: யாருடைய ஆரோக்யத்துக்காக?

நம் ஹைதராபாத்தில் இப்போது அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாமே ‘ஆர்கானிக்’ என்று கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், இருந்தும் பலர் வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், “உடம்புக்கு நல்லது” என்பதே பதில். ஆனால் நம் பிரதேசத்தின் சரித்திரத்தைப் பார்த்தால், ரசாயனத்தை முதலில் கைவிட்டவர்கள் சாப்பிடுகிறவர்கள் அல்ல, பயிரிடுகிறவர்கள்.

ஒரு காலத்தில் பூச்சிமருந்து வரப்பிரசாதமாகக் கருதப்பட்டது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் சக்தியைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசே கிடைத்தது. அதன் மறுபக்கத்தை 1962-ல் அமெரிக்காவின் ரேச்சல் கார்சன் அம்மையார் எழுதிய நூல் உலகுக்குக் காட்டியது.

நமக்கு அருகில் அது தெரிந்தது 1997-98-ல். வரங்கல் ஜில்லாவில் பருத்தியைப் புழு தாக்கியது. மருந்துக்குத் தப்பிய புழுக்களே பெருகுவதால், அடிக்க அடிக்க மருந்தின் பலன் குறைந்தது. மருந்து விற்ற வியாபாரியே கடனும் கொடுத்தார். பயிர் போயிற்று, கடன் நின்றது. விவசாயிகள் பலர் அதே மருந்தைக் குடித்து உயிரை விட்டார்கள்.

அன்றைய கம்மம் ஜில்லாவைச் சேர்ந்த புனுகுலா கிராமத்தில் 1999-ல் ஒரு தொண்டு நிறுவனம் மாற்று வழியைக் காட்டியது: வேப்பங்கொட்டைக் கஷாயம், மிளகாய்-பூண்டுச் சாறு, விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி. முதலில் சிலரே முன்வந்தார்கள். மகசூல் குறையவில்லை, செலவு குறைந்தது என்று கண்டதும் மற்றவர்களும் சேர்ந்தார்கள். 2004-க்குள் ஊர் முழுவதும் பூச்சிமருந்தை விட்டது. வரங்கல் பக்கத்து ஏனபாவி கிராமம் இன்னும் ஒரு படி மேலே போய் ரசாயன உரத்தையும் நிறுத்தியது. 2004-க்குப் பிறகு அரசின் கிராமப்புற வறுமை ஒழிப்புச் சங்கமே இம்முறையை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூலம் லட்சக்கணக்கான ஏக்கருக்குக் கொண்டு சென்றது.

இனி விஞ்ஞானம். யூரியாவின் நைட்ரஜனுக்கும் எருவின் நைட்ரஜனுக்கும் செடி பேதம் பார்ப்பதில்லை. 2012-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆர்கானிக் உணவில் சத்து அதிகம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பது மட்டும் தெளிவானது.

அவசரமும் ஆகாது. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது. அதே வருஷம் நவம்பரில் தடையை விலக்க நேர்ந்தது. புனுகுலா படிப்படியாக, பக்கத்து வயலைப் பார்த்து மாறியது. அதனால்தான் நிலைத்தது.

ஆகவே, ஆர்கானிக் வாங்கும் அங்கத்தினர்கள் சான்று முத்திரையைப் பார்ப்பதோடு, யார் விளைவித்தது, அவருக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்கலாம். நமக்கு அது கொஞ்சம் எச்சம் குறைந்த சாதம். மருந்துக் குப்பியும் கடன் சீட்டும் இல்லாமல் வயலுக்குப் போகிறவருக்கோ, அதுவே ஜீவாதாரம்.