பானட்டுக்குள் ஒரு ரப்பர் காடு

1970களில் வந்த ஏதாவது ஒரு அமெரிக்கக் காரின் பானட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜினுக்கு முன்னால் கறுப்பு ரப்பர் குழாய்கள்தான் கண்ணில் படும். எது எங்கிருந்து எங்கே போகிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்! ஆனால் இந்தக் காடு ஒரே நாளில் முளைத்ததில்லை. ஒவ்வொரு குழாயும் எந்தக் காலத்தில், எதற்காக வந்தது என்று தெரிந்தால் பாகத்தையும் அடையாளம் கண்டுவிடலாம்.

அடிப்படை எளிமையானது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. த்ராட்டில் மூடியிருந்தால் காற்று வர வழி குறைவு. அதனால் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் உண்டாகிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கேஜ் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டும். சும்மா கிடைக்கும் இந்த இழுவிசையை இன்ஜினியர்கள் விடுவார்களா?

முதலில் வைப்பரை இதில் ஓட்டினார்கள். மேடு ஏற ஆக்சிலேட்டரை மிதித்தால் வேக்குவம் குறையும், கொட்டுகிற மழையில் வைப்பர் தூங்கிவிடும் :-) பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தட்டையான தகரப் பெட்டி வந்தது. லோடு குறைவாக இருக்கும்போது தீப்பொறியைச் சற்று முன்னதாக விழவைத்து பெட்ரோலை மிச்சப்படுத்துவது அதன் வேலை. இருப்பதிலேயே தடித்த குழாய், டிரைவர் பக்கம் உள்ள பெரிய உருண்டை டப்பாவுக்குப் போனால் அது பிரேக் பூஸ்டர்.

இதுவரை காடு இல்லை, நாலு கொடிகள்தான். காடாக்கியது லாஸ் ஏஞ்சல்ஸ் புகை. 1943ல் அந்த நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. கார் புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் இது உருவாகிறது என்று 1950களில் கண்டு சொன்னவர் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கார் கம்பெனிகள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

அதன்பின் வரிசையாக வந்தன. வால்வ் கவரில் செருகியிருக்கும் பிசிவி வால்வ் 1961 மாடல்களில் கலிஃபோர்னியாவிலும் 1963ல் நாடு முழுவதும் வந்தது. பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி நிரப்பிய டப்பா, 1970 மாடல்களில் கலிஃபோர்னியாவிலும் அடுத்த வருஷம் மற்ற மாநிலங்களிலும் வந்தது. 1970ன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு ஈஜிஆர் வால்வ் பரவியது. மேனிஃபோல்டு அருகே காளான் மாதிரி உட்கார்ந்திருப்பது அதுதான். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு வெப்பத்தைக் குறைக்கும். இன்ஜின் சூடாகும்வரை அதை வேலை செய்யவிடாமல் தடுப்பது, கூலன்ட் ஓடும் இடத்தில் திருகியிருக்கும் இரண்டு மூன்று மூக்குள்ள சின்ன சுவிட்ச்.

மைலேஜ் குறைகிறது என்று பலர் இவற்றையெல்லாம் பிடுங்கி, குழாய் வாயில் போல்ட்டைச் செருகி அடைத்தார்கள். கோபம் நியாயம்தான், வைத்தியம்தான் தப்பு. ஈஜிஆரை அடைத்தால் லோடில் இன்ஜின் நாக் அடிக்க வாய்ப்பு உண்டு. இன்று அதே கார்களைப் பழையபடி மீட்க நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் அந்த போல்ட்டுகளிடம்தான்.

பானட்டுக்கு அடியில் குழாய்ப் படம் போட்ட ஸ்டிக்கர் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் பானட் வேறு காரில் இருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். கலிஃபோர்னியா காருக்கு ஒரு படம், மற்ற மாநிலங்களுக்கு வேறு படம் என்றும் இருந்தது. ஸ்டிக்கர் இல்லையென்றால் ஐடிலில் கார்புரேட்டர் மூக்கு ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பாருங்கள். இழுத்தால் மேனிஃபோல்டு வேக்குவம். இழுக்காமல், த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்ததும் இழுத்தால் அது த்ராட்டிலுக்கு மேலே உள்ள துளை. பெரும்பாலும் ஈஜிஆர் குழாய் சேரவேண்டிய இடம் அதுதான்.