கட்டிய மேசையும் வாங்கிய மேசையும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்த கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே பூட்டு, இரும்புச் சாமான், ஸ்டீல் ஃபர்னிச்சர் மூன்றும் இருக்கின்றன. ஊரின் தொழிலும் அப்படிச் சேர்ந்தே வளர்ந்தது. நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி பக்கம் அரம் பிடித்து மாங்காய்ப் பூட்டு செய்தவர்களுக்கு அருகிலேயே பெட்டகம், பீரோ, கேட், கிரில் என்று தகட்டை வெட்டிச் சேர்ப்பவர்களும் இருந்தார்கள். பூட்டுக்குள் இருக்கும் லீவர் சிறியது. அச்சும் அரமும் அதற்குப் போதும். பெட்டகக் கதவு அப்படியல்ல. 6 மி.மீ., 10 மி.மீ. தகட்டைக் கையில் கேஸ் கட்டர் பிடித்து வெட்டினால், வெட்டிய நேரத்தைவிட கிரைண்டர் பிடிக்கும் நேரம் கூடுதலாகிவிடும். கணினி டார்ச்சை நகர்த்தும் சி.என்.சி. பிளாஸ்மா மேசையைப் பற்றிய பேச்சு பட்டறைக்குள் வருவது இந்த இடத்தில்தான்.

வந்ததும் இரண்டு கட்சி பிரிகிறது. கோயம்புத்தூர் போய் ஒன்றை வாங்கி வந்துவிடலாம் என்பது ஒன்று. வெல்டிங் தெரியும், லேத் இருக்கிறது, மோட்டாரை மட்டும் வாங்கி நாமே கட்டிவிடலாம் என்பது இன்னொன்று. விவாதம் வழக்கமாக விலையோடு நின்றுவிடும். இரண்டு மேசைகளையும் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்துப் பார்த்தால், சில பகுதிகளில் வேறுபாடே இல்லை என்றும் சிலவற்றில் பட்டறையின் பிழைப்பையே தீர்மானிக்கும் அளவுக்கு அது பெரிது என்றும் தெரியும்.

வெட்டுவது மேசை அல்ல

குறுகிய செம்பு நாசில் வழியே காற்றை அழுத்தி, அதனுள் மின்வில்லைச் செலுத்தினால் 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் எழுகிறது. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காக ராபர்ட் கேஜ் 1957இல் காப்புரிமை பெற்ற வழி இது. தகட்டை உருக்குவதும், உருகியதைக் கீழே தள்ளுவதும் அந்த மின்வில்லும் காற்றும்தான். டார்ச்சைச் சரியான உயரத்தில், சரியான வேகத்தில் கொண்டு போவது மட்டுமே மேசையின் வேலை. மில்லிங் இயந்திரத்தைப் போல இங்கே உளி உலோகத்தை முட்டுவதில்லை; சட்டகத்தின் மேல் வெட்டு விசை ஏறுவதில்லை. பட்டறைக்காரர் பிளாஸ்மா மேசையைக் கட்டத் துணிவதற்குக் காரணமே இதுதான்.

ஒரே டார்ச்சை இரண்டு மேசைகளில் மாட்டி, ஒரே உயரத்திலும் வேகத்திலும் ஓட்டினால், வெட்டு விளிம்பைப் பார்த்து எது எந்த மேசையில் வெட்டியது என்று சொல்வது கடினம். விளிம்பின் சாய்வு டார்ச்சைப் பொறுத்தது. நாசிலுக்குள் காற்று வலஞ்சுழியாகச் சுழல்வதால், டார்ச் போகும் திசைக்கு வலப்பக்க விளிம்பு நேராகவும் இடப்பக்க விளிம்பு சற்றுச் சாய்ந்தும் வரும். அதனால் வெளி உருவத்தை வலஞ்சுழியாகவும் உள்துளையை இடஞ்சுழியாகவும் வெட்ட வேண்டும். மேசைக்கு எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் இந்த விதி மாறாது.

சட்டகமும் ஓட்டமும்

வாங்கிய மேசையின் பலம் சட்டகத்தில் தெரியும். நல்ல தயாரிப்பாளர் சட்டத்தை வெல்டு செய்த பிறகு, ரெயில் உட்காரும் பரப்பை இயந்திரத்தில் கடைந்து சமப்படுத்துவார். பட்டறையில் அந்த வசதி இருக்காது. சதுர டியூப்பை முழுநீளம் ஒரே மூச்சில் வெல்டு செய்தால் அது வளையும். டேக் அடித்து, விட்டு விட்டு வெல்டு செய்து, ரெயிலைப் போல்ட்டில் வைத்து, அடியில் மெல்லிய தகடு சொருகி மட்டம் பார்க்க வேண்டும். 2400க்கு 1200 என்று சட்டம் அமைத்தால் இரண்டு மூலைவிட்டமும் 2683 மி.மீ. வர வேண்டும். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால், மேசை வெட்டும் எல்லாச் சதுரமும் சாய்சதுரமாகும்.

கட்டுபவர் நுணுக்கத்தைத் தேடி எல்லை மீறவும் வேண்டியதில்லை. 45 ஆம்பியரில் வெட்டுத் தடமே ஏறக்குறைய 1.5 மி.மீ. அகலம். 2.4 மீட்டர் இரும்பு ரெயில் 20 டிகிரி சூடேறினால் 0.58 மி.மீ. நீளும். சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே காலையில் ஓட்டிய மேசையும் பிற்பகலில் ஓட்டும் மேசையும் ஒன்றல்ல. நல்லவேளை, மேலே கிடக்கும் தகடும் இரும்பாக இருப்பதால் அதுவும் கூடவே நீள்கிறது. கேட்டுக்கும் பெட்டகத்துக்கும் அரை மி.மீ. துல்லியம் போதும், பொறுமையாகக் கட்டிய சட்டகம் அதைத் தரும். வாங்கிய மேசையையும் மட்டமில்லாத தரையில் போட்டால் முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும்.

ஓட்டத்திலும் இடைவெளி சிறியதே. எட்டுக்கு நாலு அடி ஷீட்டின் நீளத்துக்குப் பால் ஸ்க்ரூ போட்டால் வேகத்தில் அது அதிரும். இரண்டு மேசைகளிலும் ரேக்-பினியன்தான் ஏற்றது. மாட்யூல் 1, 20 பல் பினியன், மூன்றுக்கு ஒன்று பெல்ட் குறைப்பு என்று வைத்தால், மோட்டார் ஒரு சுற்றுக்கு டார்ச் 20.94 மி.மீ. நகரும். ஒரு சுற்றை 1600 மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்தால் மி.மீ. ஒன்றுக்கு 76 படிக்கு மேல் கிடைக்கும். பிளாஸ்மாவுக்கு அது தாராளம். நீள அச்சில் இரு பக்கமும் மோட்டார் வைத்து, இரண்டுக்கும் தனித்தனி லிமிட் ஸ்விட்ச் கொடுத்தால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டார்ச்சைத் தாங்கும் பாலம் தானே நேராகும். மென்பொருளுக்கு லினக்ஸ் சி.என்.சி. இருக்கிறது. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனத்தில் பிறந்து இன்று இலவசமாகக் கிடைப்பது அது. வாங்கிய மேசையோடு வரும் கன்ட்ரோலர் பெட்டி கற்க எளிது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாது.

தோற்பதும் ஜெயிப்பதும் இங்கே

கட்டிய மேசைகள் தடுமாறுவது சட்டகத்தில் அல்ல, டார்ச்சின் உயரத்தில். 45 ஆம்பியர் டார்ச் ஒன்று 3.8 மி.மீ. உயரத்தில் துளையிட்டு, 1.5 மி.மீ.க்கு இறங்கி வெட்ட வேண்டும். வெட்டும்போது தகடு சூட்டில் வளைந்து எழும். உயரம் கூடினால் விளிம்பு சாயும், அடியில் கசடு ஒட்டும். குறைந்தால் நாசில் தகட்டில் இடிக்கும். டி.எச்.சி. எனப்படும் உயரக் கட்டுப்பாட்டுக் கருவி மின்வில்லின் வோல்ட்டேஜை அளந்து இதைச் சரிசெய்கிறது. டார்ச் மேலே போனால் வோல்ட் கூடும், கீழே வந்தால் குறையும்.

கேட்க எளிது, மூலை திரும்பும்போதுதான் சிக்கல். டார்ச் வேகம் குறைகிறது, வெட்டுத் தடம் அகலமாகிறது, வோல்ட் ஏறுகிறது. கருவியோ டார்ச் உயர்ந்துவிட்டதாக எண்ணி அதைக் கீழே இறக்கித் தகட்டில் குத்திவிடும். ஆகவே வேகம் குறையும் இடங்களில் டி.எச்.சி.யைப் பூட்டி வைக்கும்படி அமைக்க வேண்டும். வாங்கிய மேசையில் பெரும்பாலும் இது அமைக்கப்பட்டே வரும். கட்டிய மேசையில் கட்டியவர்தான் இதை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது மின்னிரைச்சல். மலிவான இன்வெர்டர் பிளாஸ்மாக்கள் பலவும் உயர் அதிர்வெண் பொறியால் மின்வில்லை எழுப்புகின்றன. அந்தப் பொறி ஒயர்களில் ஏறி, ஸ்டெப்பர் டிரைவரைக் குழப்பும், கம்ப்யூட்டரை நிறுத்தும், டார்ச்சைப் பாதி வழியில் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்லும். காற்றழுத்தத்தால் எலக்ட்ரோடைப் பின்தள்ளி மின்வில் எழுப்பும் வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய ஹைபர்தெர்ம் நிறுவனத்தின் பவர்மேக்ஸ் வரிசை அவ்வகை. அதன் பல மாடல்களில் வோல்ட்டேஜைக் குறைத்துப் பாதுகாப்பாக வெளியே தரும் இணைப்பும் உண்டு. மலிவு இன்வெர்டரில் அது இல்லாவிட்டால், 250 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்னோட்டத்தில் கை வைத்து ஒயர் எடுக்க வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்த பணம் உயிருக்கு ஆபத்தாக முடியும் இடம் இது. ஷீல்டு கேபிளும், மேசைக்கென்று தனியாக அடித்த எர்த் கம்பியும் கட்டிய மேசைக்கு ஆடம்பரமல்ல.

காற்றும் தண்ணீரும்

காற்றில் ஈரம் இருந்தால் எலக்ட்ரோடு விரைவில் தேயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் தேங்கும். இந்த விஷயத்தில் இரண்டு மேசையும் சமம். மேசை விற்பவர் ஈரம் நீக்கும் டிரையரை விலையில் சேர்க்காமல் விடுவதும், கட்டுபவர் அதை மறப்பதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

வெட்டும்போது எழும் தூசியை அடக்கத் தகட்டின் அடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பது நல்ல வழி. எட்டுக்கு நாலு தொட்டியில் 10 செ.மீ. ஆழம் நிரப்பவே ஏறக்குறைய 300 லிட்டர் வேண்டும். ஆத்தூர் காமராஜர் அணையை நம்பிக் குடிக்கும் ஊர் இது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகளும் உண்டு. உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெட்டிய தகடு துருப்பிடிக்கும். துருத்தடுப்பு மருந்து கலந்து அதே நீரை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டும். அந்தத் தொட்டியின் மேல் அலுமினியம் வெட்டக் கூடாது. நீருக்குள் விழும் அலுமினியத் துகளிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்க வாய்ப்புண்டு. கீழே இழுக்கும் ஃபேன் வைத்தால் தண்ணீர்ப் பிரச்சினை தீரும். வடிகட்டி இல்லாவிட்டால் புகை பக்கத்து வீட்டுக்குப் போகும். கட்டுபவர் தொட்டியின் ஆழத்தையும் வடிகாலையும் தன் இடத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர் வந்ததை ஏற்க வேண்டும்.

கடனும் பழுதும்

பண விஷயத்தில், வாங்கிய மேசைக்கு ஓர் அனுகூலம் உண்டு. அது விலையில் இல்லை. கடன் கேட்டால் வங்கிக்குக் கொட்டேஷன் வேண்டும். 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பித்தாலும் திட்ட அறிக்கையில் இயந்திரத்தின் பெயரும் விலையும் தெளிவாக இருக்க வேண்டும். கட்டிய மேசையில் பாதிச் செலவு சொந்த உழைப்பு. அதற்கு பில் கிடையாது, அடமான மதிப்பும் கிடையாது. மேசை முடியும் வரை பட்டறையின் மற்ற ஆர்டர்கள் தள்ளிப்போவதும் செலவுதான்.

பழுது வந்தால் நிலைமை மாறும். வாங்கிய மேசை நின்றால் சர்வீஸ் ஆள் கோயம்புத்தூரிலிருந்து சுமார் 150 கி.மீ. வர வேண்டும், கன்ட்ரோலரின் அமைப்புகள் பாஸ்வேர்டுக்குள் இருக்கும். கட்டியவர் எந்த டிரைவர் போனது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து அன்றே மாற்றுவார். ஆனால் இந்த அனுகூலம் கட்டியவர் அங்கே இருக்கும் வரைதான். வயரிங் படம் வரைந்து வைக்காத மேசை, சாவி தொலைந்த மாங்காய்ப் பூட்டு. அடுத்தவர் திறக்க முயன்றால் உடைக்க வேண்டியதுதான்.

எங்கே கோடு போடுவது

ஆக, கட்டுவதா வாங்குவதா என்று மேசையை முழுசாக வைத்துக் கேட்பதே பிழையான கேள்வி. சட்டகம், ரெயில் பொருத்தம், ரேக், தகடு தாங்கும் பட்டைகள், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத் திண்டுக்கல் பட்டறை நன்றாகவே கட்டும். அங்கே தேவைப்படும் அரை மி.மீ. பொறுமை, லீவரை அரத்தால் பொருத்திப் பழகிய ஊருக்குப் புதிதல்ல. பிளாஸ்மா மின்மூலம், இயந்திர டார்ச், டி.எச்.சி., காற்று டிரையர் ஆகிய நான்கையும் வாங்குவதே சரி. அவற்றில் செய்யும் சிக்கனம் வெட்டிலோ உடம்பிலோ காயமாகும். நாள் முழுவதும் தகடு வெட்டிக் கொடுப்பதையே தொழிலாக வைத்து, கெடு தவறினால் ஆர்டர் போய்விடும் நிலையில் இருப்பவர் முழு மேசையையும் வாங்கிவிடலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஓட்டும் கேட், பெட்டகப் பட்டறைக்குப் பாதி கட்டி, பாதி வாங்கிய மேசையே பொருந்தும்.

பூட்டு செய்பவருக்கு இரண்டுமே வேண்டாம். தகட்டின் கனத்தைவிடச் சிறிய துளையைப் பிளாஸ்மா கூம்பாகத்தான் போடும். சாவித் துவாரமும் லீவரும் அச்சுக்கும் அரத்துக்கும் உரியவை.

கட்டத் துணிந்தவர் இரும்பு வாங்கும் முன் பிளாஸ்மா மூலத்தை முடிவுசெய்ய வேண்டும். கம்ப்ரசரின் அளவு, த்ரீ ஃபேஸ் இணைப்பு, டார்ச் பிடிப்பான், எர்த், டி.எச்.சி. ஒயர் எல்லாம் அதையொட்டியே அமையும். சதுர டியூப் எப்போதும் கிடைக்கும்.