புல்வெட்டும் பொறியின் மூச்சு: வைட்டிலாவும் ஏர் ஃபில்டரின் நூற்றாண்டும்

வைட்டிலா என்றதும் இன்று கொச்சிக்காரர்களின் நினைவுக்கு வருவது நெரிசல் மிகுந்த நாற்சந்தியும், 2011இல் திறக்கப்பட்ட மொபிலிட்டி ஹப்பும், 2021 ஜனவரியில் திறக்கப்பட்ட மேம்பாலமுமே. வேளாண் அறிவியல் படித்தவர்களுக்கோ அது ஒரு நெல்லின் பெயர். 1958இல் இங்கு நிறுவப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் உப்புநீர் பாயும் பொக்காளி நிலங்களுக்கென உருவாக்கிய இரகங்கள் ‘வைட்டிலா’ என்ற பெயரோடு எண்ணையும் சேர்த்துத் தாங்கி நிற்கின்றன. ஊர்ப்பெயரே ‘வயல்தலை’ என்பதிலிருந்து வந்தது என்று கூறும் வழக்கும் உண்டு. அந்த வழக்கு சொல்லாராய்ச்சியில் நிற்குமோ நிற்காதோ, நிலத்தின் வரலாற்றோடு அது முரண்படவில்லை.

வயல் சுருங்கிய நிலம் வெறுமையாகக் கிடப்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், உழாத நிலத்தையும் வீடு கட்டாத மனையையும் சாலையோரத்தையும் புல்லும் புதரும் ஒரு பருவத்திற்குள் கைப்பற்றிவிடும். அவற்றை வெட்டுவதற்குக் கேரளம் முழுவதும் பரவிய கருவி, தோளில் மாட்டிக்கொள்ளும் சிறு பெட்ரோல் பொறி. மலையாளத்தில் அதைக் ‘காடுவெட்டு யந்திரம்’ என்பர். நெல்லுக்குப் பெயர் தந்த ஊர்களில் புல்லை வெட்டும் பொறியின் ஓசை வழக்கமான ஒலியாகிவிட்டது என்பதிலேயே ஒரு பொருளாதார வரலாறு அடங்கியிருக்கிறது. அப்பொறியின் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு நுரைப்பஞ்சு அல்லது மடித்த காகிதம்தான் ஏர் ஃபில்டர். தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத இப்பகுதி, யாருடைய மூச்சு காக்கப்பட வேண்டியது என்று ஒரு நூற்றாண்டாக முடிவு செய்யப்பட்டுவந்த விதத்தைத் தெளிவாகக் காட்டுவது.

புல்வெட்டும் பொறி தோன்றியபோது அதற்கு மூச்சே தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில், கம்பளித் துணியின் மேற்பரப்பு இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்ட எட்வின் பட்டிங், அதே அமைப்பைப் புல்வெளிக்கு மாற்றி 1830இல் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் அதை மனிதர் தள்ளினர். பின்னர்ப் பெரிய வடிவங்களைக் குதிரைகள் இழுத்தன. இந்தியாவின் பரந்த அரசாங்கப் புல்வெளிகளில் அந்த வேலை காளைகளுக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் பொறி பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே, புல் வெட்டுவதும் காற்றை உறிஞ்சுவதும் ஒரே செயலாயின.

அந்த உறிஞ்சலின் அளவு வியப்பூட்டுவது. பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப் போல ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். கணக்கிட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் உள்ளிழுக்கும் காற்றும் ஏறத்தாழ இதே அளவுதான். பொறியோ அதைச் சில மணி நேரத்தில், அதுவும் புல்லும் மண்ணும் சிதறிப் பறக்கும் இடத்திலேயே நின்று இழுத்துக்கொள்கிறது. மண்தூசியில் உள்ள குவார்ட்சு, மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7ஆம் இடத்தில் நிற்பது. அது பிஸ்டன் ரிங்கிற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே புகுந்து எண்ணெயோடு கலந்தால், உப்புத்தாள் தேய்ப்பது போன்ற தேய்மானம் இடைவிடாது நடக்கும். அழுத்தம் குறையும், எண்ணெய் எரிந்து புகையும், இறுதியில் சிலிண்டரைக் கடைய வேண்டிவரும். காடுவெட்டும் பொறிகளில் பலவும் இரண்டடிப் பொறிகளாதலால், உள்ளே வரும் காற்று முதலில் கிராங்க் அறை வழியாகவே செல்கிறது. எனவே தூசு அங்குள்ள பேரிங்குகளையும் சேர்த்தே தின்கிறது.

இந்த உண்மையை உலகுக்குக் கற்பித்தவை வயல்களே. தொடக்கக் கால மோட்டார் வாகனங்கள் பலவும் வடிகட்டி இல்லாமலேயே ஓடின. அமெரிக்க உழவுநிலங்களில் டிராக்டர்கள் இறங்கியபோது, தூசு மண்டிய காற்றை இழுத்த பொறிகள் விரைவிலேயே பாழாயின. மினசோட்டாவில் டிராக்டர் விற்பனையாளராக இருந்த ஃபிராங்க் டொனால்ட்சன், இந்த முறையீட்டுக்கு விடை தேடி 1915இல் வடிகட்டி செய்யத் தொடங்கினார். அவர் பெயரிலான நிறுவனம் இன்றும் இத்துறையில் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வேளாண் பண்ணையில், டிராக்டர் பொறியும் தூசியும் முறையான சோதனைக்கு உள்ளாயின. சந்தையில் இருந்த வடிகட்டிகளுள் எது எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, அதற்கு ஈடாகப் பொறியின் ஆற்றலில் எவ்வளவு கொள்கிறது என்ற இரு கேள்விகளும் ஒன்றாகக் கேட்கப்பட்டன.

இரண்டாம் கேள்வியின் கூர்மையை இரண்டாம் உலகப் போர் காட்டியது. வட ஆப்பிரிக்க மணலில் பறப்பதற்காக ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மூக்குக்குக் கீழே பொருத்தப்பட்ட வோக்ஸ் வடிகட்டி பொறியைக் காத்தது. ஆனால் அதன் பருமன் விமானத்தின் வேகத்தைக் குறைத்தது. எகிப்தின் அபூகீர் பணிமனையில் இருந்தவர்கள் அதைவிடச் சிறிய வடிகட்டி ஒன்றைத் தாங்களே வடிவமைத்துப் பொருத்தினர். மூச்சை வடிகட்டினால் மூச்சு சற்று முட்டும். இவ்விரண்டுக்கும் இடையே சமன் காண்பதுதான் இக்கருவியின் வரலாறு முழுவதும் ஓடும் சிக்கல்.

கொச்சி வட்டாரத்திற்கு இந்த அறிவு பெரும்பாலும் வேளாண் பொறிகளின் வழியே வந்தது. 1973இல் தொடங்கப்பட்ட கேரள அக்ரோ மெஷினரி கார்ப்பரேஷன், அதாவது காம்கோ, ஆலுவாவை அடுத்த அத்தாணியில் ஜப்பானின் குபோட்டா நிறுவனத் தொழில்நுட்பத்தோடு பவர் டில்லர்களைச் செய்தது. இவ்வகை டீசல் பொறிகளில் இருந்தது எண்ணெய்த் தொட்டி வடிகட்டி. உள்ளே வரும் காற்று எண்ணெயின் மேற்பரப்பில் மோதித் திரும்பும்போது கனமான தூசு எண்ணெயில் தங்கிவிடும். எஞ்சியதைக் கம்பிவலை பிடிக்கும். இதற்கு மாற்றுப் பாகம் வாங்க வேண்டியதில்லை. கறுத்த எண்ணெயைக் கொட்டி, அடியில் படிந்த சேற்றை வழித்து, குறித்த மட்டம் வரை புதிய எண்ணெய் ஊற்றினால் போதும். கிணற்றுப் பம்பு எஞ்சின் வைத்திருந்த தமிழ்நாட்டு உழவர்களுக்கும் நன்கு பழகிய வேலை இது. பழுது பார்ப்பவரும் உரிமையாளரும் பெரும்பாலும் ஒருவரே என்ற உலகத்தின் தொழில்நுட்பம் அது.

சிறு பெட்ரோல் பொறிகளோடு வந்தவை நுரைப்பஞ்சும் காகிதமும். இவற்றின் பராமரிப்பு எளியதாகத் தோன்றினாலும் நுட்பமான வேறுபாடுகள் கொண்டது. நுரைப்பஞ்சைச் சோப்பு நீரில் கசக்கி அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் முழுதும் உலர்த்தி, சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டுப் பரவச் செய்து, மிகுதியைப் பிழிந்துவிட வேண்டும். அந்த எண்ணெய்ப் பசையே தூசியைப் பிடிக்கிறது. காகித வடிகட்டிக்கோ நீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. இரண்டுமே அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். காற்றழுத்தக் குழாயால் ஊதவே கூடாது என்று சில உற்பத்தியாளர்கள் கூறுவர். குறைந்த அழுத்தத்தில், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மட்டும் ஊதலாம் என்பர் வேறு சிலர். கிழிந்த காகிதம் வடிகட்டி இல்லாமையைவிட ஏமாற்றுடையது. மூடி மாட்டியிருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும்.

கையேடுகள் இதற்கு 25 மணி நேரம் என்றோ 50 மணி நேரம் என்றோ இடைவெளி குறித்து, தூசு மிகுந்த இடமானால் அதைக் குறைக்கச் சொல்கின்றன. இந்த எண்கள் வாரத்துக்கு ஒருமுறை தன் வீட்டுப் புல்வெளியை வெட்டும் உரிமையாளரை மனத்தில் வைத்தவை. அவருக்கு 25 மணி நேரம் என்பது ஒரு கோடைக்காலம். நாள் முழுவதும் பொறியைச் சுமக்கும் தொழிலாளிக்கோ அது ஏறத்தாழ நான்கு வேலைநாள். கேரளத்தின் ஈரமும் அக்கையேடுகளின் கணக்கில் இல்லாதது. நறுக்குண்ட புல்லின் துகளும் மகரந்தமும் செம்மண் தூசியும் மழைக்கால ஈரத்தில் ஒன்றுசேர்ந்து நுரைப்பஞ்சின் மீது கம்பளிபோல் படியும். காற்றின் வழி அடைபடும்போது கலவையில் பெட்ரோலின் விகிதம் கூடும், கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும், பொறி திணறும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அந்த நொடியே பொறி துள்ளும். அந்தத் துள்ளலுக்கான விலையைச் சில மாதங்கள் கழித்துச் சிலிண்டர் கொடுக்கும்.

இங்கே எழுவது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. பொறி ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, கூலி வெட்டிய பரப்புக்கோ நேரத்துக்கோ என்றால், பஞ்சைக் கழுவி உலரவைக்கும் ஒரு மணி நேரம் யாருடையது? புதுமைகளை மட்டும் வரிசைப்படுத்தும் வரலாற்றுக்கு மாற்றாகப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையத்தில் வைக்க வேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளிவந்த ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ நூலில் வாதிட்டார். டேவிட் ஆர்னால்டு தையல் இயந்திரம், மிதிவண்டி, தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றின் வழியே இந்திய நவீனத்தை எழுதினார். அவ்வரிசையில் காடுவெட்டும் பொறியும் இடம்பெறுமானால், அதன் முதல் ஆவணம் விற்பனைக் கணக்காக இராது. கழுவப்படாத ஒரு நுரைப்பஞ்சாகவே இருக்கும்.

அதனினும் முக்கியமானது, இந்த வடிகட்டி ஒருவழிப் பாதை என்பது. அது உலகத்திடமிருந்து பொறியைக் காக்கிறது. பொறியிடமிருந்து உலகத்தைக் காப்பதில்லை. உள்ளே போகும் காற்றுக்குக் காவல் உண்டு. வெளியே வரும் புகை, எரியாத எண்ணெயையும் பெட்ரோலையும் சுமந்துகொண்டு, பொறியைத் தாங்கிநிற்பவரின் முதுகருகே கலைகிறது. சிலிண்டரைக் கீறும் குவார்ட்சின் மிக நுண்ணிய துகள்களே மனித நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோயைத் தருபவை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அந்நோயை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது; ஆனால் திறந்த மனையில் புதர் வெட்டுபவருக்குத் தொழிற்சாலை என்று ஒன்று இல்லை. வாத்துருத்தியில் வாழ்ந்து கொச்சியின் வெட்டவெளி வேலைகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கும், அவ்வேலைகளுக்குப் பின்னர் வந்துசேர்ந்த வங்க, அசாமியத் தொழிலாளர்களுக்கும் முகத்தில் கட்டிய துண்டே வடிகட்டி. அதைக் கழுவும் கால அளவு எந்தக் கையேட்டிலும் இல்லை.

2023 மார்ச் 2 அன்று, வைட்டிலாவுக்குக் கிழக்கே பிரம்மபுரத்தில் உள்ள குப்பைக் கிடங்கு தீப்பற்றியது. பத்து நாட்களுக்கு மேல் நீடித்த பிளாஸ்டிக் புகை நகரை மூடியது, பள்ளிகள் மூடப்பட்டன, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. அந்நாட்களில் மக்கள் தேடிப் பார்த்த காற்றுத்தர எண்களைத் தந்த இடங்களுள் ஒன்று, கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைட்டிலாவில் நடத்தும் கண்காணிப்பு நிலையம். இத்தகைய நிலையங்களில் பரவலாகப் பயன்படும் முறையில், காற்றை உறிஞ்சி ஒரு வடிகட்டி நாடாவின் வழியே செலுத்தி, அதில் படியும் துகளின் அளவைப் பீட்டாக் கதிரால் அளப்பர். டிராக்டரைக் காக்க வந்த அதே நுட்பம் இங்கே நகரத்தின் மூச்சுக்குச் சாட்சியாகிறது. ஆயினும் சாட்சி வேறு, காவல் வேறு.

தீ அணைந்து ஏழு வாரத்துக்குள், அதே ஏப்ரலில், வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்குப் பேட்டரியில் ஓடும் வாட்டர் மெட்ரோ படகுகள் புறப்பட்டன. மின்மோட்டார் காற்றை எரிப்பதில்லை. அதற்கு இவ்வகை வடிகட்டியும் வேண்டியதில்லை. 1920களில் பொறியைத் தூசியிலிருந்து காப்பது எப்படி என்று சோதித்த கலிபோர்னியா, 2021இல் இயற்றிய சட்டத்தின் வழியே, புதிய சிறு தோட்டப் பொறிகள் புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. காற்றிலிருந்து பொறியைக் காப்பது எப்படி என்ற கேள்வி, பொறியிலிருந்து காற்றைக் காப்பது எப்படி என்று திரும்ப ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

கொச்சியின் மனைகளில் புல் இன்னும் பல ஆண்டுகள் பெட்ரோலால்தான் வெட்டப்படும். பேட்டரிக் கருவியின் விலை நாட்கூலிக்காரரின் கைக்கு எட்டும்வரை நுரைப்பஞ்சைக் கழுவும் வேலையும் தொடரும். அது செய்யத்தக்க வேலை. பொறியின் ஆயுளும் எரிபொருளின் சிக்கனமும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், பஞ்சில் படிந்த கறுப்பு ஒரு கணக்கைச் சொல்கிறது: பொறிக்குள் போகாமல் தடுக்கப்பட்டது இவ்வளவு. அதே இடத்தில் அதே நேரம் நின்று அதே காற்றை இழுத்தவரின் கணக்கை எழுதிவைக்கும் பஞ்சு எதுவும் இல்லை. தொழில்நுட்ப வரலாறு எழுதப்பட வேண்டியது அந்த எழுதப்படாத கணக்கிலிருந்துதான்.