மடவையும் ஓராவும்: பாசி தின்னும் இரண்டு வாய்கள்

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்தால் முதல் சில மாதங்களிலேயே பாசி வந்துவிடும். முதலில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் படலம் படியும். பிறகு பாறைமேல் பச்சைப் பாசி இழை இழையாக நீளும். உடனே சென்னை கொளத்தூர் மீன்கடைகளுக்குப் போய், "பாசி தின்கிற மீன் ஒன்று கொடுங்க" என்று கேட்பார்கள். அந்த மீன் பாசியை எப்படித் தின்னும், பாசி தீர்ந்தபின் எதைத் தின்னும் என்ற பேச்சு அங்கே பெரும்பாலும் எழுவதில்லை.

அந்தப் பேச்சை எளாவூரிலிருந்து தொடங்குகிறேன். சென்னை–நெல்லூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு எளாவூர் என்றால் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து கிழக்கே, சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் பழவேற்காடு ஏரி. இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்தது இதுவே. இதன் மீன்பாட்டில் பெரும்பங்கு வகிப்பவற்றுள் ஒன்று மடவை, பாசியை நம்பிப் பிழைக்கும் மீன். அதன் பக்கத்தில் ஓராவை வைத்துப் பார்க்கலாம். ஓராவும் பாசி தின்னிதான். ஆனால் இரண்டும் தின்னும் விதம் வேறு. தொட்டிக்குள் வந்தால் இரண்டின் கதியும் வேறு.

மடவை பாசியைக் கடிப்பதில்லை. சேற்றின் மேல்தோலை மணலோடு சேர்த்து ஒரு வாய் அள்ளும். செவுளில் உள்ள சல்லடை போன்ற அமைப்பில் சலித்து, பருமணலைத் துப்பிவிடும். நுண்மணலும், அதில் ஒட்டிய டயாட்டம் பாசியும், மட்கிய தழையும் உள்ளே போகும். கோழிக்கு இருப்பதுபோல் அதன் இரைப்பையில் தடித்த தசைப்பகுதி உண்டு. விழுங்கிய மணலே அங்கே அரைகல்லாகிறது. குடலோ உடலைவிடப் பல மடங்கு நீளம். சத்து குறைந்த இரையை நிறைய அள்ளி, நெடுநேரம் செரித்து வாழும் உயிர் இது. அதற்குத் தேவை பரப்பு. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆள் நடக்கும் ஆழம்தான் என்பதால் வெயில் அடிமண் வரை இறங்குகிறது. மேய்ந்த இடத்தில் பாசிப்படலம் மறுபடி விளைகிறது. மடவைக் கூட்டம் அதற்குள் வேறிடம் போயிருக்கும்.

ஓராவின் வாய் சிறியது. உதட்டுக்குப் பின்னால் வெட்டுப்பற்கள் நெருக்கமாக வரிசை கட்டியிருக்கும். பாறையில் முளைத்த பாசியையும் கடற்புல்லையும் அது நறுக்கி நறுக்கித் தின்னும். பாக் நீரிணையின் கடற்புல் வெளிகள் அதற்கு நல்ல மேய்ச்சல் நிலம். யாழ்ப்பாணத்தார் ஓராவை விரும்பிச் சமைப்பதும் தெரிந்ததே. ஓரா இனங்களில் சில, ஆற்றுமுகங்களின் உவர்நீருக்குள்ளும் வந்து போகும். மேய்ச்சலில் இந்த மீனின் வலு என்ன என்பதை மத்தியதரைக் கடலில் பார்க்கலாம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் செங்கடலின் ஓரா இனங்கள் இரண்டு அவ்வழியே குடியேறின. இன்று துருக்கிக் கரையோரப் பாறைகளில் பல இடங்கள் அவற்றின் மேய்ச்சலால் பாசியற்று மொட்டையாகிவிட்டன. ஒரு கடற்கரையையே வழித்தெடுக்கும் வாய், நானூறு லிட்டர் தொட்டியின் பாசியைத் தீர்க்க எத்தனை நாள் எடுக்கும்?

இன்னொரு பழக்கமும் எனக்கு வியப்பாக இருக்கிறது. பவளப்பாறைகளில் வாழும் சில ஓரா இனங்கள் இணையாகவே திரியும். ஒன்று தலையைக் கவிழ்த்துப் பாறை இடுக்கில் மேயும்போது மற்றது நிமிர்ந்து நின்று காவல் காக்கும். பிறகு முறை மாறும். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கடைகளில் 'பாக்ஸ்பேஸ்' என்று விற்கும் மஞ்சள் ஓராவும் இணையாகத் திரியும் வகைதான். அதைத் தொட்டியில் தனியே விடும்போது, காவலுக்கு ஆளில்லாத மீன் அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒளிந்துகொள்ளப் பாறைப்பொந்து இருந்தால்தான் தைரியமாக வெளியே வந்து மேயும். பயந்தால் மஞ்சள் மங்கி, உடலெங்கும் கருந்திட்டு விழும். நோய் என்று எண்ணி மருந்தைக் கொட்டிவிடக் கூடாது.

மடவையைத் தொட்டியில் வைப்பது வீண் வேலை. அரை மீட்டருக்கு வளரும், கூட்டமாகத் திரியும், துள்ளும். ஆனால் மடவையின் வாழ்க்கைமுறை தொட்டிக்குள் வேறு பெயரில் வந்துவிடுகிறது. 'லான்மோவர் பிளென்னி' என்று விற்கும் விரல்நீள மீன், மடவையைப் போலவே படலத்தைச் சுரண்டித் தின்பது. புதிதாக வைத்த, துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய தொட்டியில் இதை விட்டால் பாசி தீர்ந்ததும் வயிறு ஒட்டிப்போகும். தாளாகப் போடும் இரையைப் பல பிளென்னிகள் தொடுவதே இல்லை. ஓரா அப்படியன்று. உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரித் (உலர்ந்த கடற்பாசி) தாளைக் கிளிப்பில் மாட்டினால் சில நாளில் பழகிக்கொள்ளும். தினமும் அது வேண்டும். பட்டினி போட்டால் பவளங்களைக் கொறிக்கத் தொடங்கும். மீனைக் காப்பாற்றுவதே நோக்கம் என்றால், பெரிய தொட்டி உள்ளவர்களுக்கு இந்த இரண்டில் ஓராவைத்தான் சொல்வேன்.

உப்பு விஷயத்தில் ஏரியும் தொட்டியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. வெயில் நீரை மட்டும்தான் எடுத்துப்போகும். உப்பு அப்படியே தங்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரியின் உப்பு கடலையும் தாண்டிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து அதை இறக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உடல் மடவைக்கு உண்டு. தொட்டியில் வளரும் பவளத்திட்டு மீன்களுக்கு அவ்வளவு தாங்குதிறன் கிடையாது. ஆகவே ஆவியான அளவுக்கு ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவு பெரிதாக நகரக் கூடாது.

ஒப்பிடுகையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, தின்ற பாசி எங்கே போகிறது என்பது. பழவேற்காட்டில் பாசி மடவையாகிறது, மடவை வலையேறுகிறது, சந்தைக்குப் போகிறது. ஏரியில் சேர்ந்த சத்தில் ஒரு பங்கு இப்படிக் கரையேறுகிறது. தொட்டியில் எதுவும் வெளியே போவதில்லை. ஓரா தின்ற பாசி எச்சமாகவும் அமோனியாவாகவும் அதே நீரில் கலக்கிறது. பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட்டே அடுத்த பாசிக்கு உரம். போதாக்குறைக்கு மீனுக்கென நாம் போடும் நோரியும் சேர்கிறது. வலையின் வேலையைத் தொட்டியில் நாம் செய்தாக வேண்டும்: பாசியைக் கையால் பிய்த்து வெளியே எறிவது, நீரில் ஒரு பகுதியைத் தவறாமல் மாற்றுவது, போடும் இரையைக் குறைப்பது. இவற்றைச் செய்யாமல் மீனை மட்டும் வாங்கி விடுவதால் பாசி தீராது.

தொட்டி 200 லிட்டருக்குள் என்றால் பிளென்னியும் வேண்டாம், ஓராவும் வேண்டாம். டர்போ நத்தைகள் சிலவும் ஒரு சுரண்டியும் போதும். ஓரா வாங்குபவர்கள் அதன் முள்ளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். முதுகில் 13, வாலருகே அடித்துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்புகளில் 4, எல்லாம் விஷமுள். குத்தினால் பொறுக்கும் அளவு வெந்நீரில் கையை அரைமணிக்கு மேல் வைத்திருந்தால் வலி தணியும், சூட்டில் அந்த விஷம் சிதையும் என்பதால். மூச்சுத்திணறலோ வீக்கமோ வந்தால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடையில் வாங்கும்போது மேலிருந்து பார்த்து, தலைக்குப் பின்னால் முதுகு வற்றியிருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் கண்முன்னே இரை போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள்.